தொலைதூரத்துப் போரும் நம்மூர் பெட்ரோல் பங்க்கும்

கச்சா எண்ணெய் கொள்முதல் மேசையில் பல வருஷம் உட்கார்ந்திருந்தவன் நான். அதனால் வளைகுடாவில் வெடி வெடித்தால் என் வீட்டுத் தொலைபேசியும் அடிக்க ஆரம்பித்துவிடும். இந்த முறை வந்த கேள்விகளில் சில.

குண்டு விழுந்த மறுநாளே எண்ணெய் விலை ஏறிவிடுகிறது. கடலில் வந்துகொண்டிருக்கும் சரக்கு பழைய விலைக்கு வாங்கியதுதானே? – வாசகர், மதுரை

பழைய விலை என்று ஒன்று பெரும்பாலும் இருப்பதில்லை. நீண்டகால ஒப்பந்தத்தில் வரும் வளைகுடா எண்ணெய்க்கு, கப்பலில் ஏற்றிய மாதத்தின் சராசரிச் சந்தை விலைதான் கணக்கு. முதல் தேதி ஏற்றிய சரக்கைக் கரைக்குக் கொண்டுவந்து, காய்ச்சி வடித்து, விற்கவும் ஆரம்பித்திருப்போம். பில் தொகை அதற்கப்புறம்தான் முடிவாகும். நகைக்கடைக்காரர் போன மாதம் வாங்கிய சங்கிலியைப் போன மாத விலைக்கா தருகிறார்?

சந்தைக்குப் பயம் எண்ணெயைவிட முக்கியம். 1990 ஆகஸ்ட் 2 அன்று ஈராக் குவைத்துக்குள் புகுந்தது. இருபது டாலர் அளவில் இருந்த பீப்பாய், அக்டோபருக்குள் நாற்பதைத் தாண்டியது. ஆனால் 1991 ஜனவரி 17 அன்று அமெரிக்கப் படைகள் குண்டு வீசத் தொடங்கியதும், ஒரே நாளில் விலை மூன்றில் ஒரு பங்கு விழுந்தது. சவூதி கிணறுகளுக்கு ஆபத்தில்லை என்று தெரிந்துவிட்டது, அவ்வளவுதான்.

ஹோர்முஸ் நீரிணையை மூடுவது என்கிறார்களே, கடலை எப்படி மூடுவது? சுற்றிப் போக முடியாதா? – வாசகர், நாகர்கோவில்

பாரசீக வளைகுடாவை ஒரு பை என்று வைத்துக்கொண்டால் ஹோர்முஸ்தான் அதன் வாய். மிகக் குறுகிய இடத்தில் அகலம் 33 கிலோமீட்டர் அளவுதான். அதிலும் பெரிய கப்பல்கள் போகவும் வரவும் ஒதுக்கியிருக்கும் தடங்கள் ஒவ்வொன்றும் இரண்டு கடல் மைல். 2024 கணக்குப்படி நாளுக்கு இரண்டு கோடி பீப்பாய், உலகம் எரிப்பதில் ஐந்தில் ஒரு பங்கு, இந்த வழியாகத்தான் போனது. சவூதிக்குச் செங்கடல் ஓரத்து யான்பு வரை குழாய் உண்டு, அமீரகத்துக்கு ஹோர்முஸுக்கு வெளியே இருக்கும் ஃபுஜைரா வரை உண்டு. இரண்டும் சேர்ந்தாலும் முழுச் சுமையைத் தாங்காது. குவைத்துக்கும் கத்தாருக்கும் வேறு வாசலே கிடையாது.

மூடுவதற்குச் சங்கிலி கட்ட வேண்டியதில்லை. கப்பல்காரர் வர மாட்டேன் என்றால் போதும். முதலில் வருவது லண்டன் காப்பீட்டுக்காரர்களின் அறிவிப்பு: இந்தக் கடல் இனி போர் ஆபத்துப் பகுதி, கூடுதல் பிரீமியம் கட்டவும். எங்கள் மேசையில் உடனே கால்குலேட்டர் தட்டுவோம். பத்துக் கோடி டாலர் கப்பலுக்கு ஒரு சதவீதம் கேட்டால் பத்து லட்சம் டாலர். அது இருபது லட்சம் பீப்பாய் சுமக்கும் கப்பல், ஆகவே பீப்பாய்க்கு அரை டாலர். கேட்கப் பயமாக இருக்கும் தொகை, கணக்குப் போட்டால் தாங்கக்கூடியதுதான். தாங்க முடியாதது, எத்தனை பணம் கொடுத்தாலும் மாலுமிகள் ஏற மறுப்பது. 1980களில் ஈரான்–ஈராக் போரில் எத்தனையோ எண்ணெய்க் கப்பல்கள் அடிபட்டும் போக்குவரத்து நிற்கவில்லை. அமெரிக்கக் கடற்படைக் காவல் கிடைக்கட்டும் என்று 1987இல் குவைத் தன் கப்பல்கள் சிலவற்றுக்கு அமெரிக்கக் கொடியையே ஏற்றியது.

ஒரு நாடு தராவிட்டால் இன்னொரு நாட்டில் வாங்கிக்கொள்ளலாமே? எல்லாம் எண்ணெய்தானே? – வாசகர், திருவொற்றியூர்

உங்கள் பக்கத்திலேயே பதில் இருக்கிறது. மணலி சுத்திகரிப்பு ஆலைக்கான நிறுவனம் 1965இல் தொடங்கியபோது, இந்திய அரசோடு பங்குதாரர்களாக இருந்தவை அமெரிக்க எண்ணெய் நிறுவனமான அமோகோவும் ஈரானின் தேசிய எண்ணெய் நிறுவனமும். அமெரிக்காவும் ஈரானும் சேர்ந்து மணலியில் ஆலை வைத்த காலம் ஒன்று இருந்தது என்றால் இன்றைய பிள்ளைகள் நம்ப மாட்டார்கள்.

ஆலையைக் கட்டும்போதே எந்த எண்ணெய் வரும் என்று பார்த்துத்தான் கட்டுவார்கள். மாதிரிப் பாட்டில்களை வரிசையாக வைத்துச் சாய்த்தால் தெரியும். ஒன்று டிகாக்‌ஷன் மாதிரி ஓடும், இன்னொன்று மார்கழி மாதத் தேங்காயெண்ணெய் மாதிரி அசையாது. கந்தகம் அதிகமுள்ளதைத் திறந்தால் அழுகிய முட்டை நாற்றம். இட்லி அரிசியில் பிரியாணி போடலாம்தான், ஆனால் வருவது பிரியாணியாக இருக்காது. பல வகைகளைக் கலந்து சமாளிக்கலாம். அதற்கு அவகாசம் வேண்டும், சரக்கு கையில் வேண்டும். ஈரான் எண்ணெய்க்குத் தடை போட்ட அமெரிக்கா, நமக்குக் கொடுத்திருந்த விலக்கை நிறுத்தியதால் 2019 மே மாதத்தோடு ஈரான் எண்ணெய் வாங்குவதை இந்தியா விட்டது. முன்பே தெரிந்த தேதி என்பதால் பெரிய சேதமில்லாமல் மாறிக்கொண்டோம். போர் தேதி சொல்லிவிட்டு வராது.

ரஷ்ய எண்ணெய் மலிவாக வந்தும் பங்க் விலை ஏன் குறையவில்லை? – வாசகர், கோவை

உக்ரைன் போருக்கு முன் நம் இறக்குமதியில் ரஷ்யாவின் பங்கு இரண்டு சதவீதம்கூட இல்லை. 2023–24இல் மூன்றில் ஒரு பங்குக்கு மேல். 2022 டிசம்பரில் ஜி7 என்னும் பணக்கார நாடுகள் குழு ரஷ்ய எண்ணெய்க்கு வைத்த, பீப்பாய்க்கு 60 டாலர் என்ற உச்சவரம்பும் அதை நிறுத்த அல்ல. எண்ணெய் வரட்டும், ரஷ்யாவுக்குக் காசு குறையட்டும் என்பதற்காக. பங்க்கிலோ 2022 மே முதல் 2024 மார்ச் வரை விலை ஏறக்குறைய அசையவே இல்லை. உலகச் சந்தை உச்சத்தில் இருந்தபோது ஏற்றவில்லை, இறங்கியபோது இறக்கவில்லை. முதல் பாதியை நாம் மறந்துவிடுகிறோம். இரண்டாவது பாதி நீண்டுவிட்டது என்ற உங்கள் கோபம் நியாயம்தான்.

2022இல் நாங்கள் வரிசையில் நின்றதற்கு உக்ரைன் போர்தான் காரணமா? – வாசகர், யாழ்ப்பாணம்

போர் கடைசி அடி. கொழும்புக்கு வெளியே பெட்ரோல் கப்பல் நங்கூரமிட்டு நின்றதே, நினைவிருக்கிறதா? எண்ணெய் கண்முன்னே மிதந்தது, கொடுக்க டாலர் இல்லை. அதற்குச் சில மாதம் முன்புதான், 2021 டிசம்பரில், ஈரானுக்குத் தர வேண்டிய 25 கோடி டாலர் பழைய எண்ணெய்க் கடனை மாதம் 50 லட்சம் டாலர் தேயிலையாகத் தீர்ப்பதாக இலங்கை ஒப்புக்கொண்டிருந்தது. கஜானா நிலையை அதைவிடத் தெளிவாக யாரும் சொல்லியிருக்க முடியாது.

சிரிக்க எங்களுக்கு உரிமையில்லை. குவைத் போரில் எண்ணெய்ச் செலவு ஏறியது, வளைகுடாவிலிருந்து வந்த பணம் குறைந்தது, ஒன்றே முக்கால் லட்சம் இந்தியர் அம்மான் வழியாக விமானம் ஏறி ஊர் திரும்பினார்கள். 1991இல் இந்தியா தங்கத்தை விமானத்தில் லண்டனுக்கு அனுப்பி அடகு வைத்தது.

2003இல் ஈராக்கை அமெரிக்கா தாக்கியது எண்ணெயைத் திருடத்தானே? – வாசகர், சேலம்

திருட வந்தவர் என்றால் விவரமில்லாத திருடர். ஈராக் நடத்திய 2009 ஏலத்தில் பெரிய எண்ணெய் வயலான ருமைலாவை எடுத்தவை பிரிட்டனின் பிபி எண்ணெய் நிறுவனமும் சீன அரசின் எண்ணெய் நிறுவனமான சிஎன்பிசியும் (CNPC). ஆனால் எண்ணெய்க்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்றும் சொல்ல மாட்டேன். வளைகுடாவை வெளியார் எவரும் பிடிக்க முயன்றால் படைபலத்தால் தடுப்போம் என்று 1980இலேயே ஜனாதிபதி கார்ட்டர் அறிவித்தார். யார் குழாயைத் திறந்து மூடுவது என்பதுதான் அங்கே போட்டி.

பம்ப்செட்டுக்கு டீசலைக் கேனில் வாங்கி வைத்துக்கொள்ளலாமா? – விவசாயி, பட்டுக்கோட்டை

வேண்டாம். மழைக்கால ஈரம் இறங்கி அடியில் தண்ணீர் தேங்கும், பாசி மாதிரி ஒன்று படியும். அது இன்ஜெக்டருக்குள் போனால் மெக்கானிக்குக் கொடுப்பது, டீசலில் மிச்சம் பிடித்ததைவிட அதிகமாக இருக்கும். அரசே விசாகப்பட்டினம், மங்களூரு, பாதூர் பாறைக் குகைகளில் வைக்கக்கூடிய கச்சா எண்ணெய், நிரம்பியிருந்தாலும் நாட்டுத் தேவைக்கு ஒன்பது பத்து நாளுக்குத்தான் வரும். நீங்கள் கேனில் எத்தனை நாளுக்கு வைப்பீர்கள்?