விமான நிலையத்தில் வண்ணத்துப்பூச்சிகள்: கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய ஐயா,

பள்ளி விடுமுறைக்குப் பிள்ளைகளோடு சிங்கப்பூர் சென்று திரும்பும்போது, சாங்கி மூன்றாம் முனையத்தின் வண்ணத்துப்பூச்சித் தோட்டத்தில் வெகுநேரம் நின்றுவிட்டோம். பாயான் லெப்பாசில் இறங்கியதும் இளைய மகன், “அம்மா, நம்ம ஏர்போர்ட்ல ஏன் இப்படி ஒன்னுமே இல்ல?” என்று கேட்டான். பினாங்கு விமான நிலையத்தை விரிவுபடுத்தும் இவ்வேளையில், அங்கும் அத்தகைய தோட்டம் ஒன்றையோ பெரிய மீன் தொட்டி ஒன்றையோ அமைத்தால், பயணிகளுக்கு மகிழ்ச்சியும் பிள்ளைகளுக்கு இயற்கையறிவும் கிட்டுமல்லவா? அது உயிர்களை வதைப்பது என்கிறார் என் கணவர். தங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

வாசகி, பட்டர்வொர்த்

அன்புள்ள சகோதரிக்கு,

வணக்கம். தோட்டத்தையும் தொட்டியையும் நீங்கள் சேர்த்தே கேட்டிருக்கிறீர்கள். நான் அவற்றைப் பிரித்தே பார்க்கிறேன். தொட்டி வேண்டாம் என்பேன். தோட்டத்தைச் சில நிபந்தனைகளோடு ஏற்பேன்.

மீன் தொட்டியைப் பார்ப்பவர் கண்ணுக்குத் தெரிவது மீன் மட்டுமே. அந்த மீனை உயிரோடு வைத்திருப்பதோ வடிகட்டியில் குடியிருக்கும் பாக்டீரியா. மீன் வெளியேற்றும் அம்மோனியா அந்த மீனுக்கே நஞ்சு. ஒருவகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாகவும், இன்னொருவகை அந்த நைட்ரைட்டைத் தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. புதிய தொட்டியில் இவை பெருகி நிலைபெறவே சில வாரங்கள் ஆகும். அவசரப்பட்டு, திறப்பு விழாவின் தேதியை வைத்துக்கொண்டு மீனை விட்டால் என்ன நடக்கும் என்பது வீட்டில் மீன் வளர்த்த எவருக்கும் தெரியும். அதன்பின்னும் நீரேற்றி ஒரு நாள்கூட ஓயக்கூடாது. சிப்பாங்கிலுள்ள கோலாலம்பூர் விமான நிலையத்தில், முதன்மைக் கட்டடத்துக்கும் துணைக் கட்டடத்துக்கும் இடையே ஓடிய ஏரோ ரயில் 2023 மார்ச்சில் நின்று, 2025 ஜூலையில்தான் மறுபடி ஓடத் தொடங்கியது. அதுவரை பயணிகள் பேருந்தில் சென்று சமாளித்துக்கொண்டார்கள். மீனுக்கு மாற்றுப் பேருந்து கிடையாது.

இதைவிடப் பெரிய தடை வெளிச்சம். மீன்களும் உறங்குகின்றன, ஆனால் அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு இமை இல்லாததால், இருள் வந்தால்தான் அவற்றுக்கு இரவு. விளக்கணையாத ஒரு புறப்பாட்டுக் கூடத்தின் நடுவே தொட்டியை வைத்துவிட்டு, இரவில் அதைத் திரையிட்டு மூடச் சொன்னால், நள்ளிரவு விமானத்துக்குக் காத்திருப்பவர்களுக்காகத்தானே இத்தனை செலவு செய்தோம் என்று நிர்வாகம் கேட்கும். அந்தக் கேள்விக்கு மீனுக்குச் சாதகமான பதில் எங்கும் கிடைக்குமென்று எனக்குத் தோன்றவில்லை.

மீன் எங்கிருந்து வருகிறது என்பதையும் பார்க்க வேண்டும். நன்னீர் அழகு மீன்களில் பெரும்பாலானவை பண்ணையில் பிறந்தவை. நம் நாட்டிலேயே அத்தகைய பண்ணைகள் ஏராளம். கூடங்களில் காட்சிக்கு வைக்க எல்லாரும் விரும்பும் பவளப்பாறை மீன்களோ பெரும்பாலும் கடலில் பிடிக்கப்படுபவை. பிலிப்பைன்ஸ், இந்தோனேசியக் கடல்களில் சயனைடைப் பீய்ச்சி, மயங்கிய மீனை அள்ளும் வழக்கம் நெடுங்காலமாக இருந்துவந்திருக்கிறது. அதில் பாறையும் சேர்ந்தே சாகிறது. கனடாவின் வான்கூவர் விமான நிலையத்தில் 2007 முதல் ஒரு பெரிய தொட்டி உண்டு. அதில் அந்தக் கரையோரத்து உயிரினங்களையே வைத்திருக்கிறார்கள். இருக்கும் தொட்டிகளில் நான் மதிப்பது அதைத்தான். அதற்காக இங்கே ஒன்று வேண்டுமென்று சொல்லமாட்டேன்.

வண்ணத்துப்பூச்சியின் கணக்கு வேறு. சிறகு முளைத்தபின் பெரும்பாலான இனங்கள் சில வாரங்களே வாழ்கின்றன. ஆகவே தோட்டம் என்று நீங்கள் பார்த்தது ஓயாத வரத்தினால் நிற்பது: எங்கோ ஒரு பண்ணையில் முட்டை பொரிந்து, புழு இலை தின்று, கூடு கட்டி, அந்தக் கூட்டுப்புழுக்கள் வாராவாரம் வந்து சேர்ந்தால்தான் அங்கே பறப்பதற்குப் பூச்சி இருக்கும். பல நாட்டுத் தோட்டங்களுக்கு அவை பெட்டியில் அடைபட்டு விமானத்தில் வருகின்றன. பினாங்குக்கு அது தேவையில்லை. டெலுக் பகாங்கில் 1986-இல் திறக்கப்பட்ட வண்ணத்துப்பூச்சிப் பண்ணை, இன்று எந்தோப்பியா என்ற பெயரில் அதே தீவில்தான் இருக்கிறது. உள்ளூரில் வளர்த்த உள்ளூர் இனங்கள், மேலிருந்து விழும் பகல் வெளிச்சம், அந்தி சாய்ந்ததும் விளக்கணைத்துக் கதவடைப்பு. இம்மூன்றுக்கும் எழுத்தில் உறுதி கிடைத்தால் உங்கள் கணவரிடம் நானே வாதாட வருகிறேன். பகல் வெளிச்சம் கிடைக்காத கட்டடமென்றால் செடிகளே போதும். சிப்பாங்கில் கிஷோ குரோகாவா வடிவமைத்து 1998-இல் திறக்கப்பட்ட விமான நிலையத்தின் துணைக் கட்டட நடுவில், காட்சிக்கென்று விலங்கு எதையும் அடைக்காமல், ஒரு மழைக்காட்டுத் துண்டையே வளர்த்திருக்கிறார்களே.

இயற்கையறிவு பற்றியும் எழுதியிருந்தீர்கள். விமான நிலையத்துக்கென்றே உரிய விலங்குக் கதை ஒன்று உண்டு. 2010 ஆகஸ்டில், பினாங்கிலிருந்து ஜகார்த்தாவுக்குச் சென்றுகொண்டிருந்த ஒரு வணிகரின் பெட்டி சிப்பாங்கில் உடைந்தபோது, உள்ளே 95 போவா பாம்புகள் இருந்தன. 2017 மே மாதத்தில், மடகாஸ்கரிலிருந்து வந்த 330 ஆமைகளை அதே விமான நிலையத்தின் சரக்குக் கிடங்கில் சுங்கத்துறையினர் கைப்பற்றினார்கள். அந்தப் பெட்டியின் மாதிரியையும், பிடிபட்ட உயிர்களின் படங்களையும், அவை எந்தக் காட்டிலிருந்து எந்தச் சந்தைக்குச் சென்றுகொண்டிருந்தன என்ற வரைபடத்தையும் ஒரு சுவரில் வைத்தால், உங்கள் மகன் கேட்கப்போகும் கேள்விகளுக்கு நீங்கள் வீடு போய்ச் சேரும்வரை பதில் சொல்ல வேண்டியிருக்கும். அந்தச் சுவருக்குத் தீனியும் தேவையில்லை.

அதுவரை அவனை டெலுக் பகாங்குக்கு அழைத்துச் செல்லுங்கள். வெயில் ஏறிய முற்பகலாகப் பார்த்துப் போங்கள். மழை மூடிய நாளில் பூச்சிகள் இலைக்கடியில் ஒண்டிக்கொண்டிருக்கும்.