எடை குறைப்பு அறுவை சிகிச்சைக்குப் பிறகு பழைய சாப்பாட்டுப் பழக்கம் திரும்பிவிட்டது, எப்படிச் சரிசெய்வது?

ஸ்லீவ் (வயிற்றின் பெரும்பகுதியை வெட்டியெடுத்துச் சின்னதாக்கும் அறுவை சிகிச்சை) செய்து இரண்டு வருடம் கழித்து எடை மறுபடி ஏறுகிறது, மார்த்தாண்டத்தில் கடை வைத்திருப்பதால் நேரத்துக்குச் சாப்பிட முடியவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில், பயப்படாதீர்கள், இது நிறைய பேருக்கு நடப்பதுதான். வயிற்றைச் சுருக்குகிறேன் என்று ஒரு வாரம் வெறும் கஞ்சித் தண்ணீரில் இருக்க வேண்டாம், அதனால் வயிறு சுருங்காது, தசைதான் கரையும்.

உங்கள் சிக்கல் கடையில் உட்கார்ந்து கொறிப்பதாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். நேந்திரங்காய் சிப்ஸ், முறுக்கு, பிஸ்கட்டோடு டீ, இவையெல்லாம் வாயிலேயே கரைந்து வயிற்றில் தங்காமல் இறங்கிவிடும், அதனால் சின்ன வயிறுகூட நிறைந்த உணர்வைத் தராது, நாள் முழுக்கத் தின்றுகொண்டே இருக்கலாம். ஆனால் குழம்பில் போட்ட சாளையோ அவித்த முட்டையோ அப்படியல்ல, கொஞ்சத்திலேயே போதும் என்றாகிவிடும். அதனால் தட்டில் மீன், முட்டை, சிறுபயறு, கடலை இவற்றை முதலில் சாப்பிடுங்கள், பிறகு காய், இடமிருந்தால் மட்டும் சோறோ மரச்சீனியோ. ஒரு நாளைக்குக் குறைந்தது 60 கிராம் புரதம் வேண்டும் (ஒரு முட்டையில் சுமார் 6 கிராம்தான்).

சாப்பிடும்போது தண்ணீர் வேண்டாம், அரை மணி நேரம் கழித்துக் குடியுங்கள்.

அப்புறம், பி12, இரும்பு, கால்சியம் மாத்திரைகளை நிறுத்தியிருந்தால் ரத்தப் பரிசோதனை செய்துவிட்டு மருத்துவரிடம் கேட்டுத் தொடருங்கள். அடிக்கடி வாந்தி வந்தாலோ விழுங்கும்போது அடைத்தாலோ தள்ளிப்போடாமல் அறுவை செய்த மருத்துவரைப் பாருங்கள்.