மெலனோமாவும் டி அணுக்களும்: தருமபுரி புற்றுநோய் மருத்துவரிடம் கேள்வி பதில்

பாலக்கோட்டிலிருந்து: டாக்டர், அம்மாவின் உள்ளங்காலில் வந்த மெலனோமா (தோலின் நிறமி அணுக்களில் தொடங்கும் புற்றுநோய்) நுரையீரலுக்கும் பரவிவிட்டது. சொந்த அணுக்களைக் கொண்டே குணப்படுத்த முடியுமா?

அப்படி ஒரு சிகிச்சை உண்மையிலேயே இருக்கிறது அம்மா. கட்டிக்குள் புகுந்து போராடும் டி அணுக்கள், அதாவது நோயை எதிர்க்கும் ஒருவகை வெள்ளணுக்கள், எண்ணிக்கையில் குறைவு, சோர்ந்தும் போயிருக்கும். கட்டியில் ஒரு பகுதியை வெட்டியெடுத்து, துணுக்குகளாக நறுக்கி, டி அணுக்களை வளரத் தூண்டும் இன்டர்லூகின்-2 என்ற புரதம் சேர்த்த திரவத்தில் இடுவார்கள். அணுக்கள் வெளியேறி, கோடிக்கணக்கில் பெருகும். நோயாளியின் பழைய வெள்ளணுக்களைக் கீமோ மருந்தால் குறைத்துவிட்டு, இவற்றை ரத்தக்குழாய் வழியே ஏற்றுவார்கள். அமெரிக்காவின் ஸ்டீவன் ரோசன்பெர்க் குழு 1988இல் இதன் பலனை வெளியிட்டது. லைஃபிலூசெல் என்ற பெயரில் அங்கே அனுமதி கிடைத்தது 2024 பிப்ரவரியில்தான். அதற்கு ஆதாரமான ஆய்வில் 73 பேரில் 23 பேருக்குக் கட்டி நன்றாகச் சுருங்கியது. 2024இல் அறிமுகமானபோது விலையோ 5,15,000 டாலர். அதனால், உடலின் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் நிவோலுமாப் அல்லது பெம்ப்ரோலிசுமாப் ஊசி அம்மாவுக்குப் பொருந்துமா என்று முதலில் கேளுங்கள். லைஃபிலூசெல் அவற்றுக்குப் பிறகுதான்.

அரூரிலிருந்து: சொந்த அணு என்றால் பக்கவிளைவே இருக்காதே?

ஓசூரிலிருந்து: அவர் சொல்வது சரிதான். உடலுக்கு அந்நியமில்லாதது எப்படிக் கெடுக்கும்?

இருவருக்கும் சேர்த்தே சொல்கிறேன். கீமோவால் வெள்ளணுக்கள் சரியும்போது சாதாரணத் தொற்றும் உயிரைப் பறிக்கலாம். அணுக்களை ஏற்றிய பின் தரும் இன்டர்லூகின்-2, ரத்த அழுத்தத்தை வீழ்த்தி நுரையீரலில் நீர் கோக்க வைக்கும். இதயமும் சிறுநீரகமும் நன்றாக இருப்பவர்களுக்கே இது. அந்த அணுக்கள் நல்ல நிறமி அணுக்களையும் தாக்குவதால் சிலருக்குத் தோலில் வெண்திட்டுகள் விழுகின்றன. சொந்த அணு என்பதற்காக அது சாது என்று நினைக்காதீர்கள்.

ஓசூரிலிருந்து மீண்டும்: அதெல்லாம் கீமோவின் குற்றம்தானே, அணுக்களின் குற்றமில்லையே?

கீமோ இல்லாமல் ஏற்றினால் அணுக்கள் உடலில் நிலைப்பது கடினம் தம்பி. கீமோ, அணுக்கள், இன்டர்லூகின்-2 மூன்றும் சேர்ந்ததுதான் சிகிச்சை. வெண்திட்டோ அணுக்களின் வேலையேதான்.

கிருஷ்ணகிரியிலிருந்து: டி அணுக்களின் மரபணுவை மாற்றி ஏற்றும் மும்பை ஐஐடியின் கார்-டி சிகிச்சை மெலனோமாவுக்கு உதவுமா?

2023இல் அனுமதி பெற்ற அது ரத்தப் புற்றுநோய்களுக்கு, மெலனோமாவுக்கு அல்ல.

காரிமங்கலத்திலிருந்து: நெல்லிச்சாறு டி அணுக்களைப் பெருக்குமா?

மறுபடியும் இதே கேள்வி. மெலனோமாவுக்கு அது மருந்தல்ல.

பென்னாகரத்திலிருந்து: அப்பாவின் கால் பெருவிரல் நகத்தடியில் கருங்கோடு அகலமாகிக்கொண்டே வருகிறது. சேராங்கொட்டை வைத்துச் சுடலாமா?

கூடவே கூடாது. சூடு, பிளேடு, சேராங்கொட்டை எதுவும் வேண்டாம். வெந்த திசுவில், நோய் எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்று அளக்க முடியாது. நம் நாட்டில் மெலனோமா உள்ளங்காலிலும் நகத்தடியிலும் அதிகம் வருகிறது. இந்த வாரமே தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் தோல் பிரிவுக்கு அப்பாவை அழைத்து வாருங்கள்.