அடியில் நூல் சிக்கினால் மெஷினை மாற்ற வேண்டாம்

ஃப்ரீ மோஷன் குயில்டிங் (இரண்டு துணிகளுக்கு நடுவே பஞ்சு வைத்து, கையாலேயே நகர்த்தி மெஷினில் தைப்பது) போடும்போது அடிப்பக்கம் நூல் சுருண்டு வருகிறது, இதற்கு விலை கூடிய மெஷின் வாங்க வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டவே வேண்டாம். வீட்டில் இருக்கும் மெஷினே போதும்.

முதலில் மெஷினின் பாதத்தை இறக்கினீர்களா என்று பாருங்கள். இந்தத் தையலுக்குப் போடும் டார்னிங் பாதம் துணியைத் தொட்டும் தொடாமலும் நிற்பதால், இறக்காதபோதும் இறக்கியதுபோலவே தெரியும். அது மேலே இருக்கும்வரை நூலை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷன் தட்டுகள் மேல் நூலைப் பிடிக்காது. அத்தனை நூலும் அடியில் போய்க் கூடு கட்டிவிடும். அடுத்து, கைச்சக்கரத்தை ஒரு சுற்றுச் சுற்றி பாபின் நூலை, அதாவது அடி நூலை, மேலே எடுத்து, இரண்டு நூல்களையும் பிடித்துக்கொண்டு தொடங்குங்கள்.

இவை சரியாக இருந்தும் வளைவுகளில் மட்டும் மேல் நூல் அடியில் இமை முடிபோல் நீட்டிக்கொண்டு வருகிறதா? நானும் இரண்டு வாரம் டென்ஷன் திருகைத் திருகித் திருகிப் பார்த்தேன். கோளாறு அங்கே இல்லை, கையின் வேகத்தில் இருந்தது. சாதாரணத் தையலில் ஒவ்வொரு தையலுக்கும் துணி எவ்வளவு நகர வேண்டும் என்பதை ஊசிக்கு அடியில் துணியைத் தள்ளும் பல் பார்த்துக்கொள்கிறது. பல்லை இறக்கியதும் அந்த வேலை கைக்கு வந்துவிடுகிறது. மெஷின் நிமிடத்துக்கு 600 தையல் போடுகிறது, அங்குலத்துக்கு 10 தையல் வேண்டும் என்றால், துணி வினாடிக்கு ஓர் அங்குலம் நகர வேண்டும். நேராகப் போகும்போது இது எளிதில் வரும். வளைவில் கை தானாகவே வேகமெடுத்து, நூலை இழுத்துவிடும்.

இது எனக்குப் புரிந்தது, எங்கள் தெருவில் மிதி மெஷினில் எம்பிராய்டரி போடும் அக்காவின் பக்கத்தில் ஒரு மதியம் உட்கார்ந்திருந்தபோதுதான். அவர் பாதத்தையே கழற்றிவிட்டு, வளையத்தில் துணியை இறுக்கிப் பூப்போடுகிறார். மிதி ஒரே சீராக ஓடுகிறது. இதழின் முனையிலும் கை பதறுவதில்லை. புதிதாகக் கற்பவர்கள் பெடலைப் பயந்து பயந்து அழுத்திவிட்டுக் கையை அவசரமாக ஓட்டுகிறோம். பெடலைத் தைரியமாக, ஒரே அளவில் அழுத்துங்கள்.

மெஷினில் போட்டால் அது குயில்டே இல்லை என்று உறவினர்கள் சொல்வதாகவும் எழுதியிருந்தீர்கள். அமெரிக்காவிலும் ஒரு காலத்தில் அப்படித்தான் பேசினார்கள். 1989-இல் கென்டக்கி மாநிலத்துப் பதூக்கா நகரில் நடந்த அமெரிக்கன் குயில்டர்ஸ் சொசைட்டி கண்காட்சியில், கேரில் பிரையர் ஃபாலர்ட் மெஷினில் குயில்டிங் போட்ட படைப்புக்குத்தான் முதன்மைப் பரிசு கிடைத்தது.

பழகுவதற்கு 14 நம்பர் ஊசி, பழைய பருத்திப் புடவையில் வெட்டிய ஓரடிச் சதுரங்கள், நடுவே பஞ்சு விரிப்பு, அடுக்குகள் நகராமல் இருக்கக் கையகலத்துக்கு ஓர் ஊக்கு போதும். பெரிய குயில்டை எடுக்கும்போது அதன் பாரம் மேசைக்கு வெளியே தொங்கக் கூடாது. தொங்கினால் அதுவே கையை இழுக்கும். மேலே சிவப்பு நூலும் பாபினில் வெள்ளை நூலும் போடுங்கள். ஒவ்வொரு சதுரத்தையும் தைத்ததும் திருப்பிப் பாருங்கள். எந்த வளைவில் சிவப்பு நீட்டிக்கொண்டிருக்கிறதோ, அந்த வளைவை மட்டும் அடுத்த சதுரத்தில் மறுபடி தையுங்கள்.