இவனுக்காகத் தாங்கிய வனப்பு

(அறுபத்துமூன்று நாயன்மார்களில் ஒருவரான காரைக்கால் அம்மையார் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்குப் பதில்கள்)

கேள்வி: பத்தாம் வகுப்புப் படிக்கும் என் மகளுக்கு அம்மையார் கதையைச் சொன்னேன். கடைசியில் பேய் உருவம் கேட்டார் என்றதும், "அப்போ அழகா இருக்கிறது தப்பாம்மா?" என்று கேட்டுவிட்டாள். என்ன பதில் சொல்வது? (வாசகி, மயிலாடுதுறை)

பதில்: தப்பே இல்லை என்று தயங்காமல் சொல்லுங்கள். அம்மையாரின் இயற்பெயர் புனிதவதி. அவரைத் திருமகளைப் போன்றவர் என்றுதான் பெரியபுராணம் பாடிய சேக்கிழார் அறிமுகப்படுத்துகிறார். அந்த அழகை அவர் குறை சொல்லவில்லை, அம்மையாரும் சொல்லவில்லை. பெரியபுராணத்தில் அம்மையார் இறைவனிடம் வேண்டும் இடத்தை மகளோடு உட்கார்ந்து நிதானமாகப் படியுங்கள். "இவனுக்காகத் தாங்கிய வனப்பு நின்ற தசைப்பொதி கழித்து" என்று வருகிறது. இதில் "தாங்கிய" என்ற சொல்தான் உயிர். கணவனுக்காக இதுவரை சுமந்து வந்தேன், அவன் இனி வேண்டாம் என்றுவிட்டான், சுமையை இறக்கி வைத்துவிடு என்கிறார். அருவருப்பில் உதறியது வேறு, கடமை முடிந்து திருப்பிக் கொடுத்தது வேறு. சொற்பொழிவுகளில் இந்த இரண்டும் அடிக்கடி ஒன்றாகக் குழம்பிப் போகின்றன. உங்கள் மகளின் கேள்வியும் அங்கிருந்துதான் பிறக்கிறது.

இன்னொன்றும் காட்டுங்கள். திருவாலங்காட்டு மூத்த திருப்பதிகத்தின் முதல் பாட்டில் வற்றிய மார்பு, புடைத்த நரம்பு, குழிந்த கண், ஒட்டிய வயிறு, நீண்ட பல் என்று ஒரு பெண்பேயை அம்மையார் வர்ணிக்கிறார். தன் கோலமேதான் அது. அதில் கூச்சமும் இல்லை, தன்னிரக்கமும் இல்லை. கண்ணாடி பார்த்து நொந்துபோகும் வயதில் இருக்கும் பெண்ணுக்கு இந்தப் பாட்டு நல்ல துணை.

கேள்வி: சொல்லாமல் கொள்ளாமல் விட்டுப்போய் வேறு கல்யாணம் செய்துகொண்டான் கணவன். அதைப் பொறுத்துக்கொண்டதைத்தான் தன்னலமற்ற அன்பு என்கிறோமா? (வாசகர், திருச்சி)

பதில்: இல்லை. பரமதத்தன் செய்தது சரி என்று யாரும் வாதாட வேண்டியதில்லை. அம்மையாரின் அன்பைப் பார்க்க வேண்டிய இடம் வேறு.

முதல் இடம் அடுக்களை. கணவன் கடையிலிருந்து கொடுத்தனுப்பிய மாம்பழம் இரண்டு. பசியோடு ஓர் அடியார் வருகிறார். சோறு வெந்துவிட்டது, கறி ஆகவில்லை. "சற்று இருங்கள்" என்று உட்கார வைத்திருக்கலாம். பசித்தவரைக் காக்க வைக்க மனம் வராமல், இருந்த பழத்தில் ஒன்றை இலையில் வைத்தார். அதிசயம் எல்லாம் பிறகுதான். கதை சொல்பவர்கள் மந்திர மாம்பழத்துக்கு ஓடிவிடுகிறார்கள், இந்தப் பசியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

இரண்டாவது, கணவன் கேள்வி கேட்ட இடம். மிச்சமிருந்த பழத்தைத் தின்றவன் மற்றதையும் கேட்க, இறைவனை வேண்டிப் பெற்ற பழத்தை அவர் கொடுத்திருந்தார். அவன் மனைவியின் ஒழுக்கத்தைச் சந்தேகித்தான் என்று சிலர் சொல்வதற்குப் பெரியபுராணத்தில் ஆதாரம் இல்லை. நான் முன்பு தந்த பழம் இதுவல்ல, மூவுலகிலும் கிடைக்காத சுவை, எங்கே பெற்றாய் என்றுதான் கேட்கிறான். மறைக்காமல் சொன்னார். "அப்படியானால் இன்னொன்று வரவழை" என்றான். அப்போது அவர் வேண்டியது, நீ தராவிட்டால் என் சொல் பொய்யாகிவிடும் என்பதே. பழம் வந்தது, அவன் கையில் வாங்கியதும் மறைந்தது. அவன் பயந்துபோனான். வணிகம் என்று சொல்லிக் கப்பலேறியவன் பாண்டிநாட்டுப் பட்டினம் ஒன்றில் குடியேறினான்.

பிறகு உறவினர்கள் அம்மையாரைப் பல்லக்கில் அங்கே அழைத்துப் போனார்கள். அவன் இரண்டாம் மனைவியோடும் குழந்தையோடும் வந்து காலில் விழுந்தான். குழந்தைக்கும் இவர் பெயரையே வைத்திருந்தான். புனிதவதி அஞ்சி, சுற்றத்தார் பக்கம் ஒதுங்கி நின்றார். வசைச்சொல் ஒன்றும் இல்லை, உரிமை கேட்கவும் இல்லை. அவரைத் தெய்வமென்று விலகியவனுக்காக இனி ஒரு வேடம் தேவையில்லை என்பது அந்த நொடியில் அவருக்குத் தெளிந்துவிட்டது. இதைப் பொறுமை என்பதைவிடத் தெளிவு என்பதே பொருந்தும்.

கேள்வி: ஆனிப் பௌர்ணமிக்குக் காரைக்கால் மாங்கனித் திருவிழாவுக்குப் போக முடியவில்லை. வீட்டில் அமுது படைக்கலாமா? (வாசகி, கோவை)

பதில்: தாராளமாக. காரைக்காலில் மாப்பிள்ளை அழைப்பு, திருக்கல்யாணம் முடிந்து பிட்சாடனர் (பிச்சையேற்கும் கோலத்துச் சிவன்) வீதியுலா வரும்போதுதான் மாம்பழம் இறைப்பார்கள். அமுது படையல் அன்று மாலையில் நடக்கும். வீட்டில் தயிர் சாதமும் மாம்பழமும் போதும்.

பச்சரிசி 1 டம்ளருக்குத் தண்ணீர் மூன்றரை டம்ளர் விட்டுக் குழைய வேகவிடுங்கள். மசித்து, காய்ச்சி ஆறிய பால் ஒன்றரை டம்ளர் சேர்த்துக் கிளறி, கை பொறுக்கும் சூட்டுக்கு வந்த பிறகே அரை டம்ளர் தயிரும் உப்பும் சேர்க்க வேண்டும். கொதிக்கக் கொதிக்கத் தயிரை ஊற்றினால் திரிந்து நீர்விட்டுப் போகும். தயிர் கூடினால் மாலைக்குள் புளித்துவிடும்.

பழத்தை அரைமணி நேரம் தண்ணீரில் போட்டு, காம்படியில் வடிந்த பாலைக் கழுவிவிடுங்கள், இல்லையென்றால் உதடு அரிக்கும். மேலே ஒரே சீராக மஞ்சளாக இருந்து வாசனையே இல்லாத பழத்தை வாங்காதீர்கள். கல் வைத்துப் பழுக்க வைத்ததாக இருக்கலாம், உள்ளே புளிக்கும். படைத்தது ஆறிப்போவதற்குள் பசியோடு இருக்கும் ஒருவருக்குக் கொடுத்துவிடுங்கள். வகைவகையாகச் சமைத்து முடித்துவிட்டுக் கொடுக்கலாம் என்று தள்ளிப்போடாதீர்கள்.

கேள்வி: கோயிலில் அறுபத்துமூவர் வரிசையில் அம்மையாரை எப்படிக் கண்டுபிடிப்பது? (வாசகர், காஞ்சிபுரம்)

பதில்: மற்றவர்கள் நிற்க, அவர் மட்டும் உட்கார்ந்திருப்பார். கையில் தாளம், எலும்பு தெரியும் மெலிந்த உடல். நடராசர் சிற்பங்களில் ஆடும் பாதத்தருகே கீழ் மூலையில் தேடுங்கள். கங்கைகொண்ட சோழபுரத்தில் அப்படி இருக்கிறார். கம்போடியாவின் பந்தேய் ஸ்ரேய் கோயிலிலும் ஆடும் சிவன் அருகே இருக்கிறார். நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் உள்ள சோழர் கால வெண்கலத்தின் முகத்தைப் படத்திலாவது பாருங்கள். பாட்டில் லயித்த முகம் அது.

கேள்வி: அற்புதத் திருவந்தாதியை மனப்பாடம் செய்ய ஆசை. நாலைந்து பாட்டோடு நின்றுபோகிறது. (வாசகி, தஞ்சாவூர்)

பதில்: அம்மையார் பாடிய 101 வெண்பா அது. நாளுக்கு 2 என்றால் 51 நாள். எண்ணை வைத்து மனப்பாடம் செய்தால் நின்றுதான் போகும், கொக்கியைப் பிடியுங்கள். முதல் பாட்டு "இடர்" என்று முடியும், இரண்டாவது "இடர்களையாரேனும்" என்று தொடங்கும். அது "அவர்க்கு" என்று முடிய, மூன்றாவது "அவர்க்கே" என்று எழும். ஒரு பாட்டைச் சொல்லி முடித்ததும் நிறுத்தாமல் அடுத்ததன் முதல் சொல்லையும் சொல்லிவிட்டு மூச்சு விடுங்கள்.

பொருள் தெரியாமல் சீர் பிரித்தாலும் சிக்கும். இரண்டாம் பாட்டில் "என்பறாக் கோலத்து" என்பதை "என் பறா" என்று படிப்பவர்கள் உண்டு. அது என்பு அறா, அதாவது எலும்பு மாலை நீங்காத கோலம். அடுத்த அடியில் "அன்பறாது" என்று வருகிறது. எலும்பு அவரை விட்டு நீங்காது, அன்பு என்னை விட்டு நீங்காது. "பணியாரேனும்" என்பதற்கு வணங்காவிட்டாலும் என்று பொருள் கொள்ளாதீர்கள், நெறியைச் சொல்லாவிட்டாலும் என்பதே பொருள். துன்பத்தைத் தீர்க்காவிட்டாலும், இரங்காவிட்டாலும், வழி காட்டாவிட்டாலும் என் நெஞ்சுக்கு அவர்மேல் உள்ள அன்பு போகாது என்கிறார். முதல் பாட்டில்தான் "இடரைத் தீர்ப்பது எந்நாள்?" என்று கேட்டிருந்தார். பதில் வரும் முன்பே அடுத்த பாட்டில் அந்தக் கேள்வியை விட்டுவிடுகிறார். நம்மால் எளிதில் முடியாதது இது. அதனால் இந்த ஒரு பாட்டில் மட்டும் ஒரு வாரம் நின்றாலும் நஷ்டமில்லை.

101-ஆவது பாட்டில் தன்னைக் "காரைக்காற் பேய்" என்று சொல்லிவிட்டு, "பிறந்து" என்று முடிப்பார். முதல் பாட்டின் முதல் சொல்லும் "பிறந்து"தான். முடித்த அன்றே மறுபடி தொடங்கலாம்.