முதல் முறை யாருக்கு?

அன்புள்ள அக்கா,

எனக்குத் திருநெல்வேலி ஜில்லாவில் முக்கூடல் பக்கம். பெங்களூரில் வேலை. அம்மா நாற்பது வருடம் பீடி சுற்றி என்னைப் படிக்க வைத்தார்கள். போன மாதம் அவர்களை முதல் முறையாக விமானத்திலும் கப்பலிலும் கூட்டிப்போனேன். தூத்துக்குடி விமான நிலையம் இருக்கிற வாகைக்குளத்தில் ஏறிச் சென்னை, அங்கிருந்து அந்தமான், அப்புறம் கப்பலில் ஹேவ்லாக் தீவு. ஜன்னல் சீட்டு கேட்டு வாங்கியும் அம்மா வெளியே பார்க்கவே இல்லை. போர்டிங் பாஸைச் சுருட்டிச் சுருட்டிக் கிழித்துவிட்டார்கள். கொஞ்சம் சத்தம் போட்டுவிட்டேன். முட்டுவலிக்காகச் சக்கர நாற்காலி சொல்லிவைத்தால் அதில் உட்கார மாட்டேன் என்றார்கள். கப்பலில் ஏறிய பத்தாவது நிமிடம் தூக்கம். எடுத்த வீடியோ எதிலும் ஒரு சிரிப்பு இல்லை. இவ்வளவு செலவழித்தும் அம்மாவுக்குச் சந்தோஷமா என்றே தெரியவில்லை. அடுத்த வருடம் சிங்கப்பூர் போகலாமா, கொழும்பு போகலாமா? நீங்கள் சொல்லுங்கள்.

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள தம்பி,

வருகிற கடிதங்களில் பாதிக்கு நான் பதில் போடுவதில்லை. உங்களுக்குப் போடுகிறேன் என்றால், இரண்டு வாரமாக எங்கள் அய்யா, அதாவது என் அப்பா, ஞாபகமாகவே இருக்கிறது. வீட்டில் பரணை ஒழித்தபோது அவருடைய பழைய பாஸ்போர்ட் கிடைத்தது. அதில் மொத்தமே ஒரு பயணத்தின் முத்திரைகள்தான்.

முதலில் சின்ன விஷயங்களை முடித்துவிடுவோம். ஹேவ்லாக்குக்கு நீங்கள் போனதைக் கப்பல் என்று சொல்லாதீர்கள். கண்ணாடி அடைத்து, ஏசி போட்டு, சீட்டு நம்பர் ஒட்டியது கடலில் ஓடும் பஸ். நான் உட்கார்ந்தாலும் தூங்கிவிடுவேன். சென்னைத் துறைமுகத்தில் ஏறி மூன்று ராத்திரி போய் அந்தமானில் இறங்குகிறவர்கள் கப்பலில் போனேன் என்று சொல்லிக்கொள்ளட்டும். சக்கர நாற்காலி விஷயத்தில் அம்மா பக்கம்தான் நான். நம் ஊரில் அது ஆஸ்பத்திரிச் சாமான். பத்துப் பேர் பார்க்க அதில் உட்காரச் சொன்னால் யார் உட்காருவார்? முந்தின நாளே வீட்டில் வைத்துப் பக்குவமாகச் சொல்லியிருக்க வேண்டும்.

போர்டிங் பாஸைக் கிழித்ததற்குச் சத்தம் போட்டீர்களாமே. நாளைக்கு ஆயிரம் பீடி என்று நாற்பது வருடம் சுற்றிய விரல் அது. மடியில் பீடி சுற்றும் சொளவு (முறம்) இல்லாமல் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தால் கையில் கிடைத்ததைச் சுற்றத்தான் செய்யும். உள்ளே ஏறின பிறகு அந்தத் தாள் யாருக்கு வேண்டும்? ஊர் வந்ததும் அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டீர்களா? கடிதத்தில் அதைக் காணவில்லை.

சரி, இனி உங்கள் ‘முதல் முறை’க்கு வருகிறேன். அந்த வார்த்தையில்தான் எனக்கு எரிச்சல்.

2011 ஜூன் மாதம் தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குப் பயணிகள் கப்பல் விட்டார்கள். ‘ஸ்கோஷியா பிரின்ஸ்’ என்று பெயர். அந்த வருடமே நின்றும் போனது. நிற்பதற்கு முன்னால் ஏறிவிட்ட கொஞ்சம் பேரில் நானும் அய்யாவும் உண்டு. அப்போது அவருக்கு எழுபத்தைந்து வயது. சேரன்மகாதேவியைத் தாண்டினால் பாபநாசம், திருச்செந்தூர், அவ்வளவுதான் அவர் உலகம் என்று நினைத்திருந்தேன். பள்ளிக்கூடத்தில் சக டீச்சர்கள், தெருக்காரர்கள், பால்காரர் வரைக்கும் சொல்லியாயிற்று: “எங்க அய்யாவை முதல்தடவையா கப்பல்ல கூட்டிட்டுப் போறேன்.” சொன்ன கையோடு, அய்யாவை டெக்கில் நிறுத்தி எடுப்பதற்காக ஒரு புதுக் கேமராவும் வாங்கினேன். உங்களை என்ன சொல்ல!

துறைமுகத்தில் வரிசை. சீருடைக்காரர் மேஜையில் பாஸ்போர்ட்டைப் புரட்டுகிறார். எங்கள் முறை வந்ததும் அய்யா இடது சட்டைக் கையைத் தோள்பட்டை வரை சுருட்டிவிட்டுக்கொண்டு கையை நீட்டினார். அந்த ஆளுக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்கும்தான். ‘மானத்தை வாங்குகிறாரே’ என்று சட்டையை இழுத்துவிட்டேன். அய்யா என் பக்கம் திரும்பி, “ஏட்டி, இங்க அம்மை குத்த மாட்டானா?” என்றார்.

கப்பல் நகர்ந்த பிறகுதான் கதை வந்தது. அவருடைய அப்பாவுக்குக் கொழும்பில் புறக்கோட்டைக் கடை ஒன்றில் சம்பள வேலை. அது எனக்குத் தெரியும். பத்துப் பன்னிரண்டு வயதில் அய்யாவையும் ஒருமுறை கூட்டிப்போயிருக்கிறார் என்பது தெரியாது. மதுரையில் ரயில் மாறி, மானாமதுரை வழியாக மண்டபம். அங்கே இலங்கை அரசாங்கம் நடத்திய கேம்பில் அடைத்து வைத்து, வரிசையில் நிறுத்தி அம்மை குத்தி, காலரா இல்லை என்று தெரிந்த பிறகுதான் விடுவார்களாம். அப்புறம் தனுஷ்கோடி, கப்பல், தலைமன்னார். மாமரத்தடியில் கயிற்றுக் கட்டிலில் படுத்துக்கிடக்கிற மனிதருக்குள் இவ்வளவு தூரம் கிடந்திருக்கிறது. கடலைத் தாண்டுவதென்றால் கையை நீட்ட வேண்டும் என்பதை அறுபது வருடத்துக்கு மேலாக அந்தத் தோள் மறக்கவில்லை.

எனக்கு வந்தது சந்தோஷம் என்று எழுத ஆசைதான். ஆனால் வந்தது கோபம். ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறேன், இவர் ஏற்கெனவே போய்விட்டு வந்து சும்மா இருந்திருக்கிறார்! ஒரு மணி நேரம் பேசவில்லை. அதற்குள் கடல் என்னைப் பார்த்துக்கொண்டது. துறைமுக விளக்குகள் மறைவதற்கு முன்பே வாந்தி. அய்யா வேட்டி மடியை அவிழ்த்து, காகிதத்தில் பொதிந்த காய்ந்த நாரத்தங்காய்த் துண்டு ஒன்றை எடுத்து என் வாயில் வைத்து, “முழுங்காத, அதக்கிக்கோ” என்றார். வீட்டிலிருந்தே கொண்டுவந்திருக்கிறார். அவருடைய அப்பா அன்றைக்கு அவருக்குக் கொடுத்த மருந்தாம். கேமரா பைக்குள்ளேயே கிடந்தது. அந்தக் கப்பலில் எங்கள் இரண்டு பேரில் முதல்தடவை ஏறியவள் நான் ஒருத்திதான்.

நம் ஜில்லாக்காரர்களுக்குக் கப்பல் புதுசா தம்பி? ரயிலேறி மெட்ராஸ் போவதைவிடக் கொழும்பு பக்கம். வ.உ.சி. 1906இல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கி, காலியா, லாவோ என்று இரண்டு கப்பலை ஓட்டியதே இந்தத் தூத்துக்குடி–கொழும்புப் பாதையில்தான். தலைமுறை தலைமுறையாகக் கடைச் சிப்பந்தியாகவும் தோட்டக் கூலியாகவும் போனவர்கள் எத்தனை வீட்டில்! 1964 புயல் தனுஷ்கோடியைக் கொண்டுபோனது, அப்புறம் ராமேஸ்வரத்திலிருந்து போன கப்பலும் நின்றது. அதற்குள் பிறந்த நாம் படித்து, சம்பளம் வாங்கி, ‘பாவம், எங்க அப்பா அம்மா ஒன்றையும் பார்த்ததில்லை’ என்று ஆரம்பித்துவிட்டோம். உங்கள் அம்மா கப்பல் ஏறியிருப்பார் என்று நான் சொல்லவில்லை. ஏறாமலும் இருக்கலாம். டிக்கெட் போடுவதற்கு முன்னால் ‘ஏம்மா, உனக்கு எங்க போகணும்?’ என்று ஒரு வார்த்தை கேட்டீர்களா? கேட்டதாக ஒரு வரி இல்லை. நீங்களே ஊரை முடிவுசெய்து, நீங்களே சீட்டை முடிவுசெய்து, முகத்துக்கு நேரே போனை நீட்டிக்கொண்டு ‘ம், ஆச்சரியப்படு’ என்றால் எந்த மனுசி சிரிப்பாள்? எதிர்ச் சீட்டில் வாத்தியார் உட்கார்ந்திருந்தால் பிள்ளை ஜன்னலைப் பார்க்குமா?

அம்மா தூங்கினார் என்பதை இவ்வளவு வருத்தமாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அந்த ஒரு வரிதான் பிடித்தது. பீடி எண்ணிக்கை முடியாமல் பகலில் கண்ணை மூடியிராத பொம்பளை. மகன் பக்கத்தில் இருக்கிறான், தட்டு நிரப்ப வேண்டியதில்லை, தூங்கியிருக்கிறார்.

திரும்பும்போது நாங்கள் கொழும்பிலிருந்து திருவனந்தபுரத்துக்கு விமானத்தில் வந்தோம். அய்யாவுக்கு உண்மையிலேயே அதுதான் முதல் விமானம். அவர் அதில் செய்த ஒரே காரியம், முன்சீட்டுப் பையில் இருந்த வாந்திப் பையை எடுத்து, வெற்றிலையை அதற்குள் பத்திரப்படுத்தியது. இறங்கியதும் “சரி, பஸ் எங்க நிக்கும்?” என்றார். களியக்காவிளை தாண்டும்வரை விமானத்தைப் பற்றிப் பேச்சே இல்லை. பாக்குவெட்டியைப் பற்றித்தான் பேச்சு. போகும்போது கப்பலில் அதை விட்டுவிட்டார்கள், வரும்போது விமான நிலையத்தில் இடுப்பைத் தடவி எடுத்து வைத்துக்கொண்டார்கள். விதிப்படி சரிதான், கூர்மையான சாமான். அய்யாவுக்கு அது விளங்கவில்லை. “பாக்கை வெட்டுறதை வச்சு ஆரை வெட்ட?” என்று நாகர்கோவில் வரை கேட்டுக்கொண்டு வந்தார். அப்புறம் நான் வாங்கிக் கொடுத்த எதிலும் பாக்கு சரியாக விழவில்லை என்றே கடைசிவரை சொன்னார்.

சிங்கப்பூரா, கொழும்பா என்று கேட்டீர்கள். என்னிடம் ஏன் கேட்கிறீர்கள்? முக்கூடலுக்குப் போன் போடுங்கள். குற்றாலம் போதும் என்றால் குற்றாலத்துக்குக் கூட்டிப் போங்கள். என்ன சொன்னார் என்று எழுதுங்கள், நானும் தெரிந்துகொள்கிறேன். அம்மா வெற்றிலை போடுவாரா? போடுவார் என்றால் பாக்குவெட்டியைப் பெரிய பெட்டியில் வைத்து அனுப்பிவிடுங்கள், மடியில் வேண்டாம்.

அன்புடன்,
அக்கா