ஜூன் 12-ஐ நம்பி கடைமடையில் குறுவை போடலாமா?

கேள்வி: திருத்துறைப்பூண்டி பக்கம் கடைமடை எங்கள் ஊர். ஒன்பது மா (சுமார் மூன்று ஏக்கர்) நிலம். போர் போட்டால் உப்புத் தண்ணீர். குறுவைக்கு நாற்று விட்டால் ஆற்றுத் தண்ணீர் வந்து சேருவதில்லை, சம்பா நட்டால் நவம்பரில் மூழ்கிப் போகிறது. பருவநிலை மாற்றத்தால் வெள்ளமும் வறட்சியும் கூடும் என்று கணினி மாதிரிகளை வைத்துச் சொல்கிறார்கள். அவர்களால் இந்த வருஷம் எப்போது, எவ்வளவு தண்ணீர் வரும் என்று சொல்ல முடியாதா? நான் எதை, எப்போது விதைப்பது?

பதில்: ஐயா, முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். மேட்டூர் அணையை வழக்கமாகத் திறக்கும் ஜூன் 12-ஐ நம்பி இறங்காதீர்கள், போர் கைகொடுக்காத கடைமடையில் குறுவையை விட்டுவிடுங்கள். சம்பாவை நாற்று விட்டு நடாமல், ஆகஸ்ட் கடைசிக்குள் புழுதியில், அதாவது காய்ந்த நிலத்தில் நேரடியாக, விதைத்துவிடுங்கள்.

நீங்கள் கேட்கும் கணிப்பு வேறு, அந்த மாதிரிகள் தரும் கணிப்பு வேறு. அவை சொல்வது முப்பது வருஷப் போக்கை. காற்று ஒரு டிகிரி சூடானால் சுமார் 7 சதவீதம் கூடுதல் ஈரத்தைத் தாங்கும். அதனால் பெய்கிறபோது கொட்டித் தீர்க்கும், இடையில் வெயில் நாட்கள் நீளும். இதை அவை தெளிவாகவே சொல்கின்றன. வருகிற நவம்பரில் எந்த வாரம் கொட்டும் என்று கேட்டால் அவற்றிடம் பதில் இல்லை. உலக அளவிலான மாதிரிகள் பெரும்பாலும் நிலத்தை நூறு கிலோமீட்டர் வாக்கில் கட்டம் கட்டமாகப் பிரித்துக் கணக்கிடுகின்றன. அந்தக் கட்டத்தில் மேற்குத் தொடர்ச்சி மலை சிறு மேடாகச் சுருங்கிவிடும். நமக்குத் தண்ணீர் தரும் குடகு மழையோ அந்த மலையின் உயரத்தால் பெய்கிற மழை. காவிரி விஷயத்தில் மாதிரிக்கு மாதிரி விடை மாறுவதற்கு இது ஒரு முக்கியமான காரணம்.

மழையைச் சரியாகவே கணித்துவிட்டாலும் இன்னொரு சிக்கல் இருக்கிறது. ஹாரங்கி, ஹேமாவதி, கபினி, கிருஷ்ணராஜ சாகர் என்று கர்நாடக அணைகள் எல்லாம் தாண்டித்தான் தண்ணீர் நம் எல்லையில் இருக்கும் பிலிகுண்டுலு வருகிறது. அவை நிரம்பும்வரை இழுபறி, நிரம்பிவிட்டால் ஒரே பாய்ச்சல். 2024-ஐப் பாருங்கள். ஜூலை தொடக்கத்தில் மேட்டூர் 40 அடி வாக்கில் கிடந்தது, ஜூலை 30-ஆம் தேதி முழு மட்டமான 120 அடியைத் தொட்டது. முந்தைய ஆண்டு நேர்மாறு. 2023 ஜூன் 12 அன்று அணையில் நூறடிக்கு மேல் தண்ணீர் இருந்தது, உரிய நாளில் திறந்தார்கள், டெல்டாவே குறுவையில் இறங்கியது. தென்மேற்குப் பருவமழை ஏமாற்றியது. அக்டோபர் 10-ஆம் தேதி அணையை மூடினார்கள்.

கர்நாடகம் ஆண்டுக்கு நமக்குத் தர வேண்டியது என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் இறுதி செய்த 177.25 டிஎம்சியில் (ஒரு டிஎம்சி நூறு கோடி கன அடி) ஜூன் மாதப் பங்கு 9.19 டிஎம்சிதான். ஜூலைக்கு 31.24, ஆகஸ்டுக்கு 45.95. ஆக, ஜூன் 12-இல் திறப்பது பெரும்பாலும் போன வருஷ மிச்சத்தைக் கொண்டு. வினாடிக்குப் பத்தாயிரம் கன அடி வீதம் விட்டால் ஒரு நாளைக்கு 0.86 டிஎம்சி போகும். மே கடைசியில் அணையில் 60 டிஎம்சி இருக்கிறது என்றால், வரத்தே இல்லாவிட்டால் எழுபது நாள் தாங்காது. குறுவைக்கு நூற்றுப் பத்து நாள் வேண்டும். இந்தக் கணக்கை நீங்களே ஒரு துண்டுத்தாளில் போட்டுவிடலாம். வாய்க்கால் தலைப்பில் இருப்பவருக்கு, முறை வைத்துத் தண்ணீர் விடும் முறைப்பாசனத்திலும் தண்ணீர் எட்டிவிடும். உங்களுக்கு அப்படி இல்லை. (பசிபிக் கடல் வழக்கத்தைவிடச் சூடாகும் எல் நினோ ஆண்டுகளில் தென்மேற்கு பலவீனப்படுவதும் வடகிழக்கு வலுப்பதும் அடிக்கடி நடக்கிறது. அதாவது ஆறு வறண்ட வருஷத்திலேயே வயல் மூழ்கலாம். கட்டாயம் அப்படித்தான் என்றில்லை.)

சரி, சம்பாவுக்கு வருவோம். உங்கள் வயலை மூழ்கடிப்பது காவிரி வெள்ளமில்லை. பெருவெள்ளம் திருச்சி பக்கம் முக்கொம்பிலேயே கொள்ளிடத்துக்குத் திரும்பிவிடும். உங்கள் தலையில் பெய்த மழை வடியாமல் நிற்பதுதான் உங்கள் வெள்ளம். வடிகாலில் காட்டாமணக்கும் ஆகாயத்தாமரையும் மண்டியிருக்கும், கடல் ஏற்றத்தின்போது முகத்துவாரமும் தண்ணீரை வாங்காது. இதை எந்த ஆற்று மாதிரியும் உங்களுக்குச் சொல்லாது. வயலின் தாழ்ந்த மூலையில் ஒரு மூங்கில் குச்சியை நட்டு, கனமழைக்குப் பிறகு தினமும் நீர்மட்டத்தைக் குறித்து வையுங்கள். வடிய எத்தனை நாள் ஆகிறது என்பதை வைத்துத்தான் ரகம் முடிவாகும்.

பத்துப் பன்னிரண்டு நாளில் வடிகிறது என்றால் சிஆர் 1009 சப் 1 என்ற நெல் ரகத்தைப் போடுங்கள். இளம்பயிர் முழுக்க மூழ்கினாலும் இரண்டு வாரம் வரை தாங்கும். ஆனால் பூக்கும் நேரத்தில் மூழ்கினாலும், மாதக்கணக்கில் முழங்கால் தண்ணீர் நின்றாலும் அந்தத் தாங்கும் குணம் உதவாது. வயது 155 நாள் வாக்கில். ஆகஸ்டில் விதைத்தால் ஜனவரி கடைசி, பிப்ரவரி முதல் வாரத்தில் அறுவடை. மேட்டூரை வழக்கமாக ஜனவரி 28-இல் மூடுவதோடு இது பொருந்தும். முக்கியமாக, வடகிழக்கு மழை பிடிக்கும்போது பயிருக்கு ஐம்பது நாளுக்கு மேல் ஆகியிருக்கும். அக்டோபர் கடைசியில் நட்ட நாற்று இரண்டே நாளில் தலை மூழ்கிவிடும்.

புழுதி விதைப்பில் களைதான் தலைவலி. கோடை உழவு போட்டு, நிலத்தை நன்றாக மட்டப்படுத்துங்கள். முதல் மழை நனைத்த ஐந்தாம் நாள் வாக்கில் பெண்டிமெத்தலின் களைக்கொல்லி அடியுங்கள், அளவை டப்பாவில் பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், வானிலைத் துறை வியாழக்கிழமை தரும் வாராந்தரக் கணிப்பையும், செவ்வாய், வெள்ளிகளில் வரும் வேளாண் அறிக்கையையும் பாருங்கள். இவை நம்பிச் செயல்படத் தக்கவை. கனமழை என்றால் மேலுரத்தைத் தள்ளிப் போட்டு, வடிமடையைத் திறந்து வையுங்கள். மூழ்கி வடிந்ததும் ஒரு குத்தைப் பிடுங்கி, தண்டின் அடியைக் கீறிப் பாருங்கள். குருத்து வெள்ளையாக, கெட்டியாக இருந்தால் பயிர் பிழைக்கும், அழிக்க வேண்டாம். ஏக்கருக்கு 22 கிலோ யூரியா, 18 கிலோ ஜிப்சம், 4 கிலோ வேப்பம்புண்ணாக்கு மூன்றையும் கலந்து ஓர் இரவு வைத்து, மறுநாள் 17 கிலோ பொட்டாஷ் சேர்த்து இடுங்கள். சம்பாவுக்குப் பயிர்க் காப்பீட்டின் கடைசி நாள் வழக்கமாக நவம்பர் 15. மழை அதற்கு முன்பே வந்துவிடும் என்பதால், விஏஓவிடம் விதைப்பு அடங்கல் (விதைத்ததற்கான சான்று) வாங்கிய கையோடு அக்டோபரிலேயே கட்டிவிடுங்கள்.